கதிர் படுமுன், பட்ட பின்: வாசகர் கேள்வி – பதில்

கதிர்வீச்சு செல்களை என்ன செய்கிறது, அதைத் தடுக்க மருந்து உண்டா என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். பதில்களில் மணிக்கணக்கும் நிமிடக்கணக்கும் அடிக்கடி வரும். இந்தத் துறையில் ‘எந்த மருந்து?’ என்பதற்கு முன்னால் ‘எப்போது?’ என்று கேட்டாக வேண்டும்.

கேள்வி: உடல் முழுதும் 4 கிரே பட்டால், சிகிச்சை இல்லாவிட்டால், பாதிப் பேராவது இறந்துவிடுவார்கள் என்று படித்தேன். அது அவ்வளவு சூடா? செல் வெந்துபோகிறதா?

சூடு என்று சொல்லவே அதில் ஒன்றும் இல்லை. கிரே என்பது, கதிரிலிருந்து ஒரு கிலோ உடம்பு ஏற்கும் ஒரு ஜூல் ஆற்றல். 70 கிலோ உடம்பில் 4 கிரே என்றால் 280 ஜூல், அதாவது 67 கலோரி. உணவுப் பொட்டலத்தில் அச்சிடுகிறார்களே, அந்தக் கிலோகலோரி அல்ல. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான சின்னக் கலோரி. 60 டிகிரி வெந்நீரை 3 மில்லிலிட்டர் விழுங்கினால் உடம்புக்குக் கிடைக்கும் சூடும் அவ்வளவுதான். உடல் வெப்பம் ஆயிரத்தில் ஒரு டிகிரி ஏறும்.

ஆபத்து அந்த ஆற்றல் விழும் விதத்தில் இருக்கிறது. வெந்நீரின் சூடு எல்லா மூலக்கூறுகளுக்கும் சமமாகப் பங்கு பிரிந்துவிடும். கதிரோ, கையில் உள்ளதைப் பொட்டலம் பொட்டலமாக, சில நானோமீட்டர் இடத்துக்குள் கொட்டிவிட்டுப் போகும். டி.என்.ஏ. திருகின் குறுக்களவே 2 நானோமீட்டர்தான். அதன்மேலோ அதை ஒட்டியோ ஒரு பொட்டலம் விழுந்தால் இரண்டு இழைகளும் அருகருகே அறும். ஒரு கிரே எக்ஸ் கதிர் ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளையும் 40 அளவில் இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்கும். ஒற்றை முறிவை, எதிர் இழையைப் பார்த்து, செல் எளிதாகச் சரிசெய்துகொள்ளும். செல்லின் தலையெழுத்தை எழுதுவது அந்த 40தான்.

இந்தச் சேதத்தில் மூன்றில் ஒரு பங்குதான் டி.என்.ஏ.வில் நேரடியாக விழுவது. மீதி இரண்டு பங்கு நீர் வழியாக வருகிறது. செல்லில் பெரும்பகுதி நீர். கதிர் பட்டு நீர் உடைந்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதிர்ப்பட்டதோடு வினைபுரியத் துடிக்கும் துண்டு பிறக்கும். அது வாழ்வது சில நானோநொடிகள், நகர்வது சில நானோமீட்டர்கள். அதைப் பிடிக்கும் பொருள் கதிர் வருவதற்கு முன்பே டி.என்.ஏ.வின் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். கதிர் பட்டு ஒரு நிமிடம் கழித்து விழுங்கும் ‘ராடிக்கல் பிடிப்பான்’ மாத்திரை, வெள்ளம் வடிந்தபின் போடும் அணை.

கேள்வி: டி.என்.ஏ. அறுந்ததைச் செல் எப்படி அறிகிறது? சில செல்கள் உடனே சாகின்றன, சில நாள்கணக்கில் இழுக்கின்றன. ஏன்?

அறுந்த முனையை முதலில் பிடிப்பவை ‘கூ’ என்ற இரட்டைப் புரதமும், எம்.ஆர்.என். என்ற மூன்று புரதக் கூட்டமும். எம்.ஆர்.என். போய் ஏ.டி.எம். என்ற நொதியை எழுப்பும். ஏ.டி.எம். முறிவின் இரு பக்கமும் உள்ள எச்2ஏஎக்ஸ் என்ற ஹிஸ்டோனில் (டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதத்தில்) பாஸ்பேட்டை ஒட்டி, ‘இங்கே வேலை நடக்கிறது’ என்று பலகை மாட்டும். 1998இல் அறியவந்த இந்த அடையாளத்தை ஒளிரும் ஆன்டிபாடி கொண்டு சாயமேற்றினால், நுண்ணோக்கியில் ஒரு முறிவுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் எண்ணலாம். சில நிமிடங்களில் புள்ளிகள் தோன்றும். அரை மணி வாக்கில் உச்சம். 24 மணி நேரத்தில் பெரும்பாலானவை மறைந்துவிடும். அதற்குப் பின்னும் நிற்கும் புள்ளி, ஒட்ட முடியாத முறிவு.

அதே ஏ.டி.எம். பி53 என்ற புரதத்தையும் நிலைநிறுத்தும். பி53 செல் பிரிதலை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் தரும். சேதம் மீறிப்போனால் செல்லைத் தற்கொலைக்கு அனுப்பும். பழுதுபார்ப்பதில் இரண்டு வழி. ஒன்று, முனையோடு முனையை அப்படியே ஒட்டுவது. வேகமானது, எந்த நேரமும் நடக்கும், ஆனால் சில எழுத்துகள் விட்டுப்போகலாம். மற்றது, டி.என்.ஏ. நகலெடுத்த பிறகு பக்கத்தில் இருக்கும் சகோதரிப் பிரதியைப் பார்த்து எழுதுவது. பிழை குறைவு, ஆனால் பிரதி இருந்தால்தான் நடக்கும். நகலெடுக்கும் கட்டத்தின் கடைசியில் இருக்கும் செல் கதிரைத் தாங்குவதும், பிரியப்போகிற நேரத்தில் இருக்கும் செல் எளிதில் விழுவதும் இதையெல்லாம் ஒட்டித்தான்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. லிம்போசைட் என்ற வெள்ளணு பிரியக்கூடக் காத்திராது. சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொள்ளும். மற்ற செல்களில் பெரும்பாலானவை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே இரண்டு குரோமோசோம்களின் அறுந்த முனைகள் மாறி ஒட்டி, இரண்டு மையம் கொண்ட ஒரு குரோமோசோம் உருவாகியிருக்கும். பிரியும்போது அதை இரு துருவங்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சாவு அங்கே வருகிறது. முதல் பிரிதலில் வரலாம். இரண்டு மூன்று பிரிதல் தாண்டியும் வரலாம். அடிக்கடி பிரியும் எலும்பு மஜ்ஜையும் குடலின் உள்சவ்வும் முதலில் அடிபட, பிரியாத நரம்பு செல் நிற்பதற்குக் காரணம் இதுவே. பெர்கோனியே, ட்ரிபாண்டோ என்ற பிரெஞ்சுக்காரர்கள் இருவர், டி.என்.ஏ.வின் வடிவம் தெரிவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1906இல் இதைச் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: கைபேசிக் கதிருக்கும் இதே கதைதானா?

இல்லை. கைபேசி அலையின் ஒரு போட்டானுக்கு எலெக்ட்ரானைப் பெயர்க்கும் சக்தி கிடையாது. இந்தப் பக்கத்தில் பேசுவது எக்ஸ், காமா போன்ற அயனியாக்கும் கதிர்களை மட்டும். கைபேசியில் ஒட்டும் ‘கதிர்த் தடுப்பு வில்லை’க்கும் இங்கே சொல்லும் மருந்துகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கேள்வி: அப்பாவுக்குக் கழுத்தில் கதிர் சிகிச்சை தொடங்கப்போகிறது. வாய் வறண்டுபோகும் என்கிறார்கள். அமிஃபோஸ்டின் என்ற மருந்து காப்பாற்றும் என்று கேள்விப்பட்டோம். டாக்டர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். அவர் ஏன் பேசவில்லை என்பதற்கும் காரணம் உண்டு.

கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீனை முன்கூட்டியே கொடுத்தால் எக்ஸ் கதிரிலிருந்து விலங்குகள் பிழைக்கின்றன என்று 1949இல் தெரியவந்தது. பிறகு அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் அதே பாணியில் 4,000க்கும் மேற்பட்ட சேர்மங்களைச் செய்து பார்த்தார்கள். தேறி வந்தது டபிள்யூ.ஆர்.-2721. அதுதான் அமிஃபோஸ்டின். அதன் தலையில் ஒரு பாஸ்பேட் மாட்டியிருக்கும். அது இருக்கும்வரை மருந்து செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி அதைக் கழற்றினால்தான் வேலை செய்யும் வடிவம் உள்ளே போகும். இயல்பான திசுக்களில் அந்த நொதி அதிகம். பல புற்றுக்கட்டிகளில் குறைவு, ரத்த ஓட்டமும் அங்கே மோசம். மருந்து புற்றை விட்டுவிட்டு நல்ல செல்லைக் காக்கும் என்ற நம்பிக்கை இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் அது நன்றாகச் சேரும். மூளைக்குள் போகாது.

கொடுக்கும் முறை இது: உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 200 மி.கி.; 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு 320 மி.கி. நரம்பு வழியாக 3 நிமிடத்தில் ஏற்றி, 15 முதல் 30 நிமிடத்துக்குள் கதிர் கொடுக்க வேண்டும். இதை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தவணைக்கு முன்பும் செய்ய வேண்டும். ஆறே நிமிடத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ரத்தத்திலிருந்து போய்விடும் மருந்து இது. கதிர் இயந்திரத்தில் ஒரு கோளாறு வந்து ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் ஏற்றியது வீணாகலாம்.

பலன் உண்டு. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 315 பேரிடம் நடந்த சோதனையில் சிகிச்சைக் காலத்தில் மிதமாகவோ கடுமையாகவோ வரும் வாய்வறட்சி 78 சதவீதத்திலிருந்து 51 ஆகவும், நீடித்த வறட்சி 57இலிருந்து 34 ஆகவும் குறைந்தது. ஆனால் வாய்ப்புண் குறையவில்லை. விலையாகக் கொடுக்க வேண்டியவை: குமட்டல், வாந்தி, ரத்த அழுத்தம் சட்டென இறங்குதல், சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் குறைதல், அபூர்வமாக உயிருக்கே ஆபத்தான தோல் உரிதல். முன்னதாக நீர்ச்சத்து ஏற்றி, வாந்தித் தடுப்பு மருந்து தந்து, படுக்கவைத்து, ரத்த அழுத்தத்தை அளந்துகொண்டே கொடுப்பார்கள். அப்பா ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறார் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். தோலிலோ வாயிலோ புதிதாகக் கொப்புளம் கண்டால் அடுத்த ஊசிக்கு முன் காட்ட வேண்டும்.

டாக்டர் பேசாததற்கு வருவோம். இப்போது கதிரின் செறிவைக் கணினியால் வளைத்து, கன்னத்தருகே உள்ள பரோட்டிட் சுரப்பியைத் தவிர்க்க முடிகிறது. இரண்டு சுரப்பிகளுக்கும் சராசரி அளவு 25 கிரேக்குக் கீழே, அல்லது ஒன்றையாவது 20 கிரேக்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். எங்கள் கருத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது மருந்தைப் பற்றி அல்ல: “பரோட்டிடுக்கு எத்தனை கிரே விழப்போகிறது, டாக்டர்?”

கேள்வி: கதிர் சிகிச்சை நடக்கும்போது வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் நல்லதுதானே? ராடிக்கலைப் பிடிக்கும் என்கிறார்களே?

பிடிக்கும், போதிய அளவில் அங்கே இருந்தால். ஹைட்ராக்சில் ராடிக்கல் எதிர்ப்பட்ட எல்லாவற்றோடும் மோதும். டி.என்.ஏ.வுக்கு முன்னால் உங்கள் பொருளோடு மோத வேண்டுமானால் அது கூட்டமாக நிற்க வேண்டும். ஆய்வகத்தில் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானால் செல்களைக் காக்க அரை முதல் ஒரு மோலார் செறிவு தேவைப்படுகிறது. செல்லுக்குள் ஏற்கெனவே குளூட்டாதையோன் 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கிறது. வைட்டமின் சி மாத்திரையை நாள்தோறும் எவ்வளவு விழுங்கினாலும், வெறும் வயிற்றில் அளந்தால் ரத்தத்தில் 0.08 மில்லிமோலார் பக்கம் நின்றுவிடும். மீதி சிறுநீரில் போகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த மாத்திரைக்கு நல்ல செல் எது, புற்று செல் எது என்று தெரியாது. கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் பீட்டா கரோட்டினும் கொடுத்துப் பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். கடும் பக்கவிளைவு குறைந்தது; அதே இடத்தில் புற்று திரும்ப வருவது கூடும் போக்கும் தெரிந்தது. எனவே உணவில் வருவது வரட்டும். அதிக அளவு மாத்திரைகளைச் சிகிச்சை முடியும்வரை தள்ளி வையுங்கள்; எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக ஒரு தாவரச் சாறு கதிரிலிருந்து செல்களைக் காக்கிறதா என்று பார்க்கிறேன். எம்.டி.டி. சோதனையில் 48 மணி நேரத்தில் நல்ல பாதுகாப்பு தெரிகிறது. வழிகாட்டி நம்ப மறுக்கிறார். எங்கே தவறு?

வழிகாட்டி சொல்வதே சரி. எம்.டி.டி. என்ற சாயம் எவ்வளவு ஊதாவாகிறது என்று பார்க்கும் அந்தச் சோதனை அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. பிரியும் திறனை இழந்த செல் 48 மணி நேரத்தில் இன்னும் சாகாமல், சில சமயம் ஊதிப் பெரிதாகி, சாயத்தை நன்றாகவே மாற்றிக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் செல்லே இல்லாத கிணற்றிலும் (சோதனைத் தட்டின் குழியிலும்) எம்.டி.டி.யை ஊதாவாக்கும். சாறும் ஊடகமும் மட்டும் உள்ள ஒரு கிணறு வைத்துப் பாருங்கள். பாதி மர்மம் அங்கேயே விலகலாம்.

செய்ய வேண்டியது காலனிச் சோதனை. பக், மார்கஸ் இருவரும் 1956இல் ஹீலா செல்களில் செய்துகாட்டியது இன்றும் அளவுகோல். செல்களைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணுங்கள். கட்டியாக இருந்தால் கணக்கே கெடும். கதிர் இல்லாத தட்டில் 200, 2 கிரேக்கு 400, 4 கிரேக்கு 1,000, 6 கிரேக்கு 3,000, 8 கிரேக்கு 10,000 என்று தொடங்கி உங்கள் செல்வகைக்கு ஏற்ப மாற்றுங்கள். அளவுக்கு மூன்று தட்டு. கதிர் முடிந்ததும் சாற்றைக் கழுவிவிட்டுப் புது ஊடகம் ஊற்றி, 10 முதல் 14 நாள் தட்டை அசைக்காமல் விடுங்கள். பிறகு மெத்தனாலில் நிலைப்படுத்தி, 0.5 சதவீத கிரிஸ்டல் வயலெட் சாயமிட்டு, 50 செல்லுக்குக் குறையாத காலனிகளை மட்டும் எண்ணுங்கள்.

கணக்கு: கதிர் படாத 200இல் 120 காலனி வந்தால் முளைப்புத் திறன் 0.6. 4 கிரேயில் 1,000 செல் வைத்து 90 காலனி வந்தால், பிழைத்த பங்கு 90 ÷ (1,000 × 0.6) = 0.15. சாறு போட்ட தட்டுகளுக்குச் சாறு போட்ட, கதிர் படாத தட்டின் முளைப்புத் திறனைத்தான் எடுக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கே. பிழைத்த பங்கு 0.1 ஆவதற்குச் சாறில்லாமல் 4.8 கிரேயும் சாறோடு 7.2 கிரேயும் தேவைப்பட்டால், அளவு மாற்றக் காரணி 1.5.

அதன் பிறகும் மூன்று பொய்ப் பாதுகாப்புகளைக் கவனியுங்கள். முதலாவது, ஆக்சிஜன். ஆக்சிஜன் குறைந்த செல் கதிரை 2.5 முதல் 3 மடங்கு தாங்கும். ஊடகத்தில் போட்ட பொருள் ஆக்சிஜனேற்றம் அடைந்து தட்டிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிட்டால், மருந்து எதுவும் செய்யாமலே ‘பாதுகாப்பு’ தெரியும். மூடிய குழாயில் நெருக்கமாகச் செல்களை வைத்துக் கதிர் கொடுக்காதீர்கள். இரண்டாவது, கரைப்பான். டைமெத்தில் சல்ஃபாக்சைடு ஒரு சதவீதம் என்றாலே 0.14 மோலார், 0.1 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், கரைப்பான் மட்டும் உள்ள தட்டைக் கட்டாயம் வையுங்கள். மூன்றாவது, நேரம். சாற்றைக் கதிருக்கு 30 நிமிடம் முன்பும், கதிர் முடிந்த உடனேயும், தனித்தனித் தட்டுகளில் போடுங்கள். பின்னால் போட்டதும் அதே அளவு காத்தால் ராடிக்கல் பிடிக்கும் கதையை ஆய்வேட்டில் எழுதாதீர்கள். வேறு ஏதோ நடக்கிறது.

ஒப்பீட்டுக்கு அமிஃபோஸ்டினை நேரடியாகத் தட்டில் ஊற்றிவிட்டுப் பலனில்லை என்று எழுதுபவர்கள் உண்டு. பாஸ்பேட்டைக் கழற்ற அங்கே போதிய நொதி இருக்காது. வேலை செய்யும் வடிவமான டபிள்யூ.ஆர்.-1065ஐ 4 மில்லிமோலாரில், அரை மணி நேரம் முன்னதாகப் போடுங்கள். ஊடகத்தில் சேர்க்கும் மாட்டுச் சீரத்திலுள்ள அமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை உடைத்து நச்சாக்கும். ஒரு மில்லிமோலார் அமினோகுவானிடின் சேர்த்தால் அது அடங்கும்.

கேள்வி: அணு உலை விபத்து வந்தால் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா? மாத்திரை இல்லாவிட்டால் அயோடின் உப்பு, டிங்ச்சர்?

அந்த மாத்திரை ஒரே ஓர் உறுப்பை, ஒரே ஒரு தனிமத்திலிருந்து காக்கும். தைராய்டை நல்ல அயோடினால் நிரப்பிவிட்டால், 8 நாள் அரை ஆயுள் கொண்ட கதிரியக்க அயோடின்-131 நுழைய இடமிருக்காது. வெளியிலிருந்து வரும் காமாவுக்கோ சீசியத்துக்கோ அது எதுவும் செய்யாது. பெரியவருக்கு 130 மி.கி., 3 முதல் 18 வயது வரை 65, ஒரு மாதம் முதல் 3 வயது வரை 32, பிறந்த குழந்தைக்கு 16. கதிரியக்க மேகம் வருவதற்கு முந்திய 24 மணி நேரத்துக்குள்ளும், வந்த பின் 2 மணி நேரத்துக்குள்ளும் போட்டால் நல்ல பலன்; 8 மணி நேரம் வரை ஓரளவு. ஒரு நாள் கழிந்தபின் போட்டால் நன்மையைவிடத் தீமை கூடும். நாற்பது தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு. அரசு அறிவிப்பு வந்த பிறகே போட வேண்டும். 1986இல் செர்னோபில் விபத்தின்போது போலந்து சில நாட்களுக்குள் கோடிக்கும் மேற்பட்டோருக்கு அயோடைடு கொடுத்தது.

உப்பால் ஆகாது. 130 மி.கி. மாத்திரையில் அயோடின் மட்டும் 100 மி.கி. கிலோவுக்கு 30 மி.கி. அயோடின் உள்ள உப்பில் அதை எடுக்க மூன்று கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். டிங்ச்சர் விஷம், குடிக்கவே கூடாது.

சீசியம்-137 உடம்புக்குள் போயிருந்தால் மருந்து பிரஷ்யன் நீலம், ஓவியர் பயன்படுத்தும் அதே நிறமிதான், மருந்துத் தரத்தில். பெரியவருக்கு 3 கிராம், நாளுக்கு மூன்று முறை. குடலில் சீசியத்தைப் பிடித்து மலத்தோடு தள்ளும். மலம் நீலமாகும், பயப்பட வேண்டாம். சீசியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 110 நாள் ஆவது 30 நாளாகிவிடும். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம் பரவியபோது 46 பேருக்கு இதைக் கொடுத்தார்கள். புளுட்டோனியத்துக்கு டி.டி.பி.ஏ. என்ற வேறொரு மருந்து.

கேள்வி: முழு உடம்பிலும் கதிர் பட்டுவிட்டது, முன்கூட்டி எதுவும் கொடுக்கவில்லை. கைவிரிக்க வேண்டியதுதானா?

இல்லை. ராடிக்கல் கட்டம் போய்விட்டது. மஜ்ஜையைத் தூக்கி நிறுத்தும் கட்டம் மிச்சமிருக்கிறது. 2 கிரேக்கு மேல் பட்டால் வெள்ளணுக்கள் வாரக்கணக்கில் சரியும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் தொற்றும் ரத்தக்கசிவும். எஞ்சிய ஸ்டெம் செல்களை விரட்டி வேலை வாங்கும் ஃபில்கிராஸ்டிமை இதற்கென அமெரிக்கா 2015இல் அனுமதித்தது. மனிதர்மேல் சோதிக்க முடியாது என்பதால் விலங்குச் சோதனையை வைத்தே அந்த அனுமதி. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், தினமும் தோலடியில். 60 கிலோ ஆளுக்கு 600 மைக்ரோகிராம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று பரிசோதனைகளில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு ஆயிரத்தைத் தாண்டி நிற்கும்வரை தருவார்கள். கூடவே ஆன்டிபயாட்டிக், தட்டணு ஏற்றுதல், தனி அறை. குடலின் உள்சவ்வே உரிந்துபோகும் 10 கிரேயில் இந்த ஊசியால் பயனில்லை. காப்பாற்ற மஜ்ஜை மட்டும் போதாது.

கேள்வி: ஆயிரக்கணக்கான கிரே பட்டும் சாகாத பாக்டீரியா உண்டாமே? அதன் டி.என்.ஏ. அறுவதே இல்லையா?

டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். 1956இல், கதிர் கொடுத்தும் கெட்டுப்போன டின் இறைச்சியிலிருந்து அமெரிக்காவின் ஓரிகனில் பிடித்தார்கள். 5,000 கிரேயை ஏறக்குறைய இழப்பின்றித் தாங்கும். டி.என்.ஏ. நன்றாகவே அறும், நூற்றுக்கணக்கான துண்டுகளாக. அதன் சாமர்த்தியம் வேறிடத்தில் இருக்கிறது. செல்லில் இரும்பைவிட மாங்கனீசை மிகுதியாகச் சேர்த்துவைத்து, சிறு மூலக்கூறுகளோடு கூட்டி, புரதங்களை ராடிக்கல்களிடமிருந்து காக்கிறது. அதனால் பழுதுபார்க்கும் நொதிகள் சேதமில்லாமல் மிஞ்சுகின்றன. மரபுத்தொகுதியின் பிரதிகள் நான்குக்குக் குறையாமல் கையிருப்பு உண்டு. ஒன்றைப் பார்த்து ஒன்றை ஒட்டி, ஒரு நாளைக்குள் முழுதாக்கிவிடும். டி.என்.ஏ.வை மட்டும் காக்கும் மருந்தையே பல காலம் தேடிக்கொண்டிருந்தவர்கள், இப்போது இந்த மாங்கனீசு முறையையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.